கோயமுத்தூரில் படிக்கிறாள்

வளையல் தட்டுதான் பாண்டீஸ்வரியின் பங்குக்கு வந்தது. பட்டுச்சேலைத் தட்டைத் தாய்மாமன்தான் தூக்க வேண்டும். அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு, கழுத்தில் ரோஜா மாலையோடு அவள் புருஷன் தவமணி எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பின்னால் தேங்காய், பழம், அல்வா, லட்டு, ஆளுயரக் கரடி பொம்மை என்று வரிசை நீண்டது. பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம்தான். ஆனால் கொட்டுக்காரர்கள் நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று, திரும்பி, ஆட்டம் போட்டு அடித்தார்கள். தார் ரோடு காலைச் சுட்டது. சீர் தூக்குகிறவர்கள் செருப்புப் போடக் கூடாது. சுடட்டும், சுட்டால் நல்லதுதான், மனசு காலோடு நின்றுகொள்ளும் என்று நினைத்தாள். மனசு எங்கே நின்றது. அது காலையிலேயே புறப்பட்டுப் போய் ஊருக்கு வெளியே, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. பெண்பிள்ளைகள் ஹோமிலிருந்து ஆபீசரம்மா. ‘நாகஜோதி அம்மாவா? இன்னைக்குச் சிறார் நீதிப் போர்டு உக்காருதும்மா. நீங்களோ அவங்க அப்பாவோ வந்து, பொறுப்பேத்துக்கறோம்னு ஒரு கையெழுத்துப் போட்டா கையோட அனுப்பிருவாங்க. யாரும் வரலைன்னா தூரத்துல இருக்கிற பெரிய ஹோமுக்கு மாத்திருவாங்க, அப்புறம் பதினெட்டு வயசு முடிஞ்சுதான் விடுவாங்க. மதியச் சாப்பாட்டுக்கு எந்திரிச்சாங்கன்னா திரும்ப உக்கார மாட்டாங்க, அதுக்குள்ள வந்துருங்க.’ அந்தம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுப் போனை வைத்திருக்கலாம். ‘உங்க பொண்ணு நேத்தே துணியெல்லாம் மடிச்சு வச்சிருச்சும்மா’ என்று மட்டும் கடைசியில் சொன்னது. மடித்து வைத்துவிட்டாளாம். நாகஜோதிக்குத் துணி மடிக்கத் தெரியாது. சுருட்டி அலமாரிக்குள் எறிவாள், அதற்கே எத்தனை அடி வாங்கியிருக்கிறாள். யார் கற்றுக்கொடுத்தது மடிக்க? தட்டு சாய்ந்து கண்ணாடி வளையல்கள் கலகலவென்றன. பின்னால் வந்தவள், ‘பாத்துப் போத்தா’ என்றாள்.

பார்த்துத்தான் போகிறாள். மண்டப வாசலில் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் தர்ஷினி, இன்றைக்குச் சடங்கு வைத்திருக்கிற பிள்ளை, தவமணியின் தங்கச்சி மயிலுவின் மகள், வயசுக்கு மீறின நகையோடு சிரித்துக்கொண்டிருந்தது. கீழே ‘அன்பு மச்சான்கள்’ என்று எழுதி, வட்டம் வட்டமாக இளவட்டங்களின் மூஞ்சிகள். அதில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோகுல், அவள் மகன். அந்தப் படம் போன வருஷம் குலசாமி கோயில் கிடாவெட்டில் எடுத்தது. படத்தில் அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துதான் நின்றார்கள். பிளக்ஸ் கடைக்காரன் தங்கச்சியை வெட்டிவிட்டு அண்ணனை மட்டும் வட்டத்துக்குள் போட்டிருந்தான். வெட்டினவன் ஒழுங்காக வெட்டவில்லை, கோகுலின் தோள்மேல் நாலு விரல் மிச்சம் இருந்தது. ஒரு விரலில் பாசி மோதிரம். பாண்டீஸ்வரி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘கையை நீட்டினது பொண்ணுதாங்க. அண்ணன் வண்டி ஓட்டுவான், தங்கச்சி சங்கிலியை அறுக்கும். பொம்பளப் புள்ள பின்னால இருந்தா எவன் சந்தேகப்படுவான்?’ என்று அன்றைக்கு ஸ்டேஷனில் சொன்னார்கள். எதிர் பெஞ்சில் ஒரு அம்மா கழுத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது, தலைப்பை எடுத்தபோது கயிறு இறுக்கினதுபோல் சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட்ட கை இந்தக் கை. சின்ன வயசில் இருட்டென்றால் பயந்து தாயின் மாராப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கின கையும் இதே கைதான். ஏன் போனாய் என்று போர்டில் இருந்த மேடம் கேட்டார். கோகுலிடம் கேட்டபோது அவன் ‘கூட்டாளிங்க சொன்னாங்க, புத்தி கெட்டுப்போச்சு, மன்னிச்சிருங்க’ என்று வக்கீல் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்து அழுதான். நாகஜோதிக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ‘பின்னால உக்காந்தா மூஞ்சியில காத்து அடிக்கும் மேடம்’ என்றாள். வக்கீல் இருமினார். திரும்பி வருகிற வழியெல்லாம் தவமணி பல்லைக் கடித்தான். ‘காத்தாம்ல காத்து. திமிரப் பாத்தியா அவளுக்கு.’ பாண்டீஸ்வரியும் திமிர் என்றுதான் நினைத்தாள். அதன் பிறகு எத்தனையோ ராத்திரி மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, காற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் பிடிபட்டதில்லை. இருக்கட்டும். அதை இப்போது எதற்கு நினைக்க?

மைக்கில், ‘தாய்மாமன் சீர் வந்துகொண்டிருக்கிறது, வழி விடுங்கள்’ என்று கத்தினார்கள். மயிலு ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து, ‘வாங்கண்ணே, வாங்க மதினி’ என்று கையைப் பிடித்தாள். கேட்கப்போகிறாள் என்று பாண்டீஸ்வரிக்குத் தெரியும். கேட்டாள். ‘சோதிக்கு லீவு குடுக்கலையா மதினி?’ ‘பரீட்சை வருதுல்ல, கோயமுத்தூர்லேர்ந்து வந்து போறதுன்னா சும்மாவா’ என்று வாய் பாட்டுக்குச் சொன்னது. சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பே ஏறிவிட்டது. அந்தக் கோயமுத்தூர் தவமணியின் மூளையில் உதித்தது. மகள் பெயர் கெட்டுப்போனால் நாளைக்கு எவன் கட்டுவான், கோயமுத்தூரில் நர்சிங் கோர்ஸ் சேர்த்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம் என்றான். மகனைப் பற்றித் தெருவுக்கே தெரிந்துபோனது, அதை யாரும் மறைக்கக்கூட இல்லை. மகளை மட்டும் எப்படியாவது கேஸிலிருந்து உருவி எடுத்துக் கோயமுத்தூரில் வைத்துவிட்டார்கள். பையனோடு பிடிபட்டது வேறு எவளோ ஒருத்தி என்று பேச்சு. வெளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகப் பேசினால் என்றைக்காவது வாய் தவறிவிடும் என்று வீட்டுக்குள்ளும் கோயமுத்தூர் என்றே சொல்லிப் பழகினார்கள். அரிசி களைகிறபோது, விளக்கணைத்துப் படுத்த பிறகு, யாருமே இல்லாதபோதும் அதுதான். ‘கோயமுத்தூர்ல இப்ப மழையா இருக்கும்’ என்று தவமணி ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே மகள் நனைவாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்குக் காலையில் போன் வந்ததைச் சொன்னபோதும், சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, ‘நான் தாய்மாமன். சீர்த் தட்டை யாரு தூக்குவா? பாதியில கூட்டிட்டு வந்தா ஊரு என்னன்னு கேக்கும்ல. கோர்ஸ் முடியட்டும்’ என்றான். ஒரு வருஷக் கோர்ஸ் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார்கள். சர்க்கார் இன்றைக்கே விடுகிறேன் என்கிறது, கோர்ஸ் முடியத்தான் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. இந்தக் கணக்கில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிபண்ணிக்கொண்டு, வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தட்டுகளை மேடையில் பரப்பினார்கள். மாமன் சீர் மலைபோல் இருக்கிறது என்று பெண்கள் மெச்சினார்கள். அந்தப் பக்கமாகத் தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கோகுல் போனான். புது வேட்டி, தடுக்கி விழுந்துவிடாமல் மடித்துக் கட்டியிருந்தான். ‘என்ன மாப்ள, உள்ள களியா, சோறா?’ என்று மயிலுவின் மாமியார் சத்தமாகக் கேட்டாள். சுற்றிலும் சிரிப்பு. அவனும் கூச்சமில்லாமல், ‘சோறுதான் ஆச்சி. சாம்பாருதான் தண்ணி. இன்னைக்கு நம்ம சாம்பாரைச் சாப்பிட்டுட்டு நீங்க சொல்லுங்க’ என்றான். ‘முறைமாப்பிள்ளை, களவாணிப் பயன்னு பொண்ணு குடுக்காம விட்டுருவியா?’ என்று ஒருத்தி வம்புக்கு இழுத்தாள். ‘அட போத்தா, ஆம்பள சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியக் கண்டா கழுவுவான். வயசுப் பய, நாலும் இருக்கும். நாளைக்குத் தாலி கட்டினா தன்னால சரியாயிரும்’ என்றாள் அந்த அம்மா. பாண்டீஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது, பெற்ற பிள்ளை. அவன் ஹோமிலிருந்து வந்த அன்றைக்கு வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றினது இந்தக் கைதான். அவனை எடுப்பதற்குத் தவமணி, மயிலு புருஷன், வார்டு மெம்பர், வக்கீல் என்று ஒரு பட்டாளமே போனது. கோழி அடித்துக் குழம்பு வைத்தாள், தெருப் பையன்கள் பத்துப் பேர் வந்து தின்றார்கள். அப்புறம் அந்த வண்டி. அதையும் கோர்ட்டில் மனுப் போட்டு மீட்டுக்கொண்டு வந்தார்கள். தோஷம் கழிய ஹாண்டில்பாரில் சந்தனம் தடவி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பழத்தை வைத்தது யார்? அவள்தான். பழம் நசுங்கி ரோட்டில் சாறு தெறித்தபோது, பையன் வந்துவிட்டான், வண்டி வந்துவிட்டது என்று நெஞ்சு நிறைந்துகூட இருந்தது. வண்டி வந்துவிட்டது. இரும்புக்கு ஜாமீன் கேட்க ஆள் இருந்தது. பெண்பிள்ளைக்கு மட்டும், ‘அது கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும் மேடம், பாதுகாப்பா இருக்கும்’ என்று பெற்ற தகப்பன் கைகட்டிச் சொன்னான். வக்கீல் வெளியே வந்து பெருமூச்சு விட்டார். ‘பயலுக ஹோமுக்குப் போய்ப் பாருங்க, சந்தை மாதிரி இருக்கும். பொம்பளப் புள்ளைங்க கேசு அத்தி பூத்தாப்புலதான் வரும். ஆனா வந்துச்சுன்னா, கூட்டிட்டுப் போக மட்டும் ஒருத்தரும் வர மாட்டாங்க’ என்றார். இதை அவர் யாரையோ பற்றிச் சொல்கிறார் என்றுதான் அவள் அன்றைக்கு எடுத்துக்கொண்டாள்.

‘அத்தைமாரு வந்து நலுங்கு வைங்க’ என்று கூப்பிட்டார்கள். முதல் உரிமை தாய்மாமன் பெண்டாட்டிக்கு. தர்ஷினி சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில், தலை நிமிர முடியாத அளவுக்குப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். கழுத்துச் சங்கிலி கனத்தில் தோள் முன்னால் வளைந்திருந்தது. இதே மண்டபத்தில், இதே மாதிரி நாற்காலியில்தான் நாகஜோதியையும் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் நகையைக் கழற்றிக்கொண்டே, ‘நாளைக்கு டியூஷனுக்குச் சைக்கிள்ல போலாமாம்மா?’ என்று கேட்டாள். போகக் கூடாது என்றார்கள். அப்புறம் எவனோ ஒருவன் பேனா கொடுத்தான் என்று டியூஷனே நின்றது. பத்தாவது முடிந்ததோடு படிப்பும் நின்றது. பிறகு மொட்டைமாடியில் நின்று ரோட்டை வேடிக்கை பார்க்கிறாள் என்று மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டான் தவமணி. சாவி பாண்டீஸ்வரியின் இடுப்பில் இருந்தது. அதே வீட்டுக்குக் கோகுல் எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் வருவான், எங்கே போனாய் என்று கேட்டால், ‘சும்மா’ என்பான், சோற்றைப் போட்டுத் தருவாள். அவன் கேட்க ஆள் இல்லாமல் கெட்டான், அவளுக்குக் கேள்வி கேட்கிற ஆள்தான் வீடு முழுக்க இருந்தது. பிறகு ஒருநாள் அவன் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டே, ‘சோதியைக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டா?’ என்றான். அவள் கண்ணில் வந்த வெளிச்சம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ‘அண்ணன்கூடத்தானே போறா, போயிட்டு வரட்டும்’ என்று சொன்னது பாண்டீஸ்வரிதான். வேறு எவன்கூடவும் அனுப்ப மாட்டாள், கூடப்பிறந்தவன்கூட அனுப்பினால் என்ன பயம்? ஊரில் இருக்கிற ஆண்களிலெல்லாம் பயப்பட வேண்டாதவன் என்று பார்த்துத்தான் அனுப்பினாள். ஐயோ, அவளே தலைசீவி, பூவைத்து அனுப்பினாள். சந்தனக் கிண்ணத்தில் விரலை முக்கிக்கொண்டு பாண்டீஸ்வரி தர்ஷினிமேல் குனிந்தாள். ஒரு கன்னத்தில் தடவினாள். மறு கன்னத்தில் தடவுகிறபோது பிள்ளை உதட்டை அசைக்காமல், மேளச் சத்தத்துக்கு நடுவே, அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல் பேசினாள். ‘அத்தை, சோதி மதினியப் பாக்க என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா? அங்க சின்னப் பிள்ளைங்களை உள்ள விடுவாங்களா?’ ‘எங்கத்தா?’ ‘மதினி இருக்கிற எடத்துக்கு.’ ‘கோயமுத்தூருக்கா?’ என்றாள் பாண்டீஸ்வரி. தர்ஷினி கண்ணை மட்டும் தூக்கி அவளைப் பார்த்தாள். கோபமில்லை, கேலியில்லை. வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்து, ‘குடிக்கவில்லை’ என்று சொல்லும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு, ‘சரி அத்தை’ என்றாள். ‘கோயமுத்தூருக்கே.’

சந்தன விரலோடு அப்படியே நின்றாள். போட்டோ எடுக்கிறவன், ‘அம்மா, கொஞ்சம் தள்ளுங்க’ என்றான். தள்ளினாள். மேடையிலிருந்து இறங்க வேண்டும், படி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளைக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்றால் மயிலுவுக்குத் தெரியும். மயிலு போன மாசம் வந்திருந்தபோது, ‘ஏன் மதினி, அங்க படுக்கப் பாய் குடுப்பாங்களா, வெறும் தரையா?’ என்று கேட்டாள். நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு யாராவது பாயைப் பற்றிக் கேட்பார்களா? பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்து, ‘அடுத்த தடவை கோயமுத்தூர் போகையில குடுத்துரு, நிறையாவே சுட்டிருக்கேன், கூட இருக்கிற பிள்ளைங்களும் திங்கட்டும். பாவம், அதுகளுக்கு யாரு இருக்கா’ என்றாளே. யாரு இருக்கா என்றாளே. அன்றைக்கு அது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. கல்லூரி பேர் என்ன என்று ஒருத்தி கேட்டதில்லை. போன் நம்பர் கேட்டதில்லை. எப்ப வருவா, எப்ப வருவா என்று மட்டும்தான் மாறி மாறிக் கேட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். ஊரே பூசணிக்காயைத் தொடாமல் சுற்றியிருந்த சோற்றை மட்டும் நாசூக்காக அள்ளித் தின்றுகொண்டிருந்தது. நல்ல மனசா, நல்ல வேடிக்கையா? இரண்டும் இருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தெரியும்த்தா, போய்க் கூட்டிட்டு வா என்று ஒருத்தி சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்ன செய்திருப்பாய், சண்டைக்குப் போயிருப்பாய். ஆமாம், போயிருப்பாள். அப்படியானால் இவ்வளவு நாளும் யாருக்காக? யாருக்குத் தெரியக் கூடாது என்று பிள்ளையை அங்கே போட்டுவைத்தார்களோ அவர்களுக்கெல்லாம் முதல் வாரமே தெரிந்திருக்கிறது. கோயமுத்தூரை நம்பினது உலகத்திலேயே இரண்டு பேர்தான், அந்த இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். அந்தப் பார்வையை, ‘சரி அத்தை’ என்று சொன்னபோது வந்த அந்தப் பார்வையை, எங்கேயோ முன்னாலேயே பார்த்திருக்கிறாள். எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஹோமில் பார்வையாளர் அறையில், நீல பெஞ்சில். நாகஜோதி ஓடிவந்து, ‘என்னையக் கூட்டிட்டுப் போகத்தானேம்மா வந்தே?’ என்றாள். யாரோ அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டிருந்தார்கள். ‘இங்க யாரும் பெருசா ஒண்ணும் பண்ணலம்மா. ஒருத்தி கல்யாணம் வேண்டாம்னு ஓடிவந்தவ. ஒருத்தி கூட்டாளியோட பஸ்ஸேறினவ. நான்தான் பெரிய கேசு’ என்று சிரிக்கப் பார்த்தாள். பாண்டீஸ்வரி, பெற்ற தாய், பழகின வாயால், ‘கோர்ஸ் முடியட்டும்த்தா’ என்று சொல்லிவிட்டாள். அவளிடமே சொல்லிவிட்டாள். ‘என்ன கோர்ஸும்மா?’ என்றாள் நாகஜோதி. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘சரிம்மா’ என்றாள்.

முதல் பந்தியில் தாய்மாமன் வீட்டார் உட்கார வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் தவமணி, மாலையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டியிருந்தான். மறுபக்கம் பஞ்சவர்ணம். இலை விழுந்தது, உப்பு விழுந்தது, ஊறுகாய் விழுந்தது. அங்கேயும் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்குமா? மேடம் பேனாவை மூடிவிட்டு எழுந்திருப்பாரா? மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தரமும் இரும்புக் கதவு திறக்கிறபோது தலையைத் தூக்குவாள். பால்காரன் வருவான், வேறு எவளுடைய தாயோ வருவாள். போய்விடலாம். போனால்? கூட்டிக்கொண்டு வந்தால் அவள் கண்ணை எப்படிப் பார்ப்பது, அதுதான் பயம். ஊர் இல்லை, அதுதான் பயமாக இருந்திருக்கிறது, ஊர் என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். அவள் என்னவாக ஆகியிருப்பாளோ, என்ன கேட்பாளோ. இடுப்பில் மாடிக் கதவுச் சாவி இன்னும் கிடந்து உறுத்தியது. பூட்டிவைக்கப் பிள்ளையே இல்லாத வீட்டில் சாவியை எதற்குச் சுமக்கிறோம் என்று இத்தனை மாசத்தில் தோன்றவே இல்லை. கோகுல் சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு இலையிலும் அவனுக்கு ஒரு கேலி, ஒரு சிரிப்பு. அம்மாவின் இலைக்கு வந்தபோது கரண்டியைத் தாழ்த்தினான். அவனுடைய மணிக்கட்டில் அந்தப் பாசி மோதிரத்தின் நூல் சுற்றியிருந்தது என்பதுபோல் அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. உற்றுப் பார்த்தால் காப்புக் கயிறு. எதிர் வரிசையில் ஒரு கிழவர், ‘ஏத்தா, உம்மவ கோயமுத்தூர்ல நல்லாருக்காளா?’ என்று அன்பாகக் கேட்டார். அவருக்கும் தெரியும். கேட்கிற அன்பிலேயே தெரிந்தது. பதிலுக்காக எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பாண்டீஸ்வரி இலையை மூடிவிட்டு எழுந்தாள். முதல் பந்தியில், இலையில் கை வைக்காமல், தாய்மாமன் பெண்டாட்டி எழுந்திருக்கிறது நல்ல காரியம் இல்லை. தவமணி அவள் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தான். ‘எங்க போறே? உக்காரு.’ ‘ஹோமுக்கு’ என்றாள். அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்தபோது மண்டபமே நின்றுபோகும் என்று நினைத்தாள். ‘எம்மவ கோயமுத்தூர்ல இல்ல. சங்கிலி அறுத்த கேசுல ஹோம்ல இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன்.’ எதுவும் நிற்கவில்லை. ஒரு கை நின்றதாகக்கூடத் தெரியவில்லை. எதிர் வரிசைக் கிழவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். பஞ்சவர்ணம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ‘வெரசாப் போ. மதியத்துக்கு மேல ஆபீசு இருக்காது’ என்றாள். அதுதான் பாண்டீஸ்வரியை அடித்தது. யாராவது ஒருத்தி ஐயையோ என்று வாயில் கை வைத்திருந்தால் தாங்கியிருப்பாள். ஒருவரும் வைக்கவில்லை. தவமணி மட்டும்தான் அந்தப் பந்தியிலேயே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தான், பிசைந்த சோறு கையோடு. நிஜமாகவே மகள் கோயமுத்தூரில் இல்லை என்பதை அப்போதுதான் யாரோ அவனுக்குச் சொன்னது மாதிரி. அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் அவன் விரல்களைச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

வாசலில் பிளக்ஸுக்குக் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. கோகுல், சாம்பார் வாளியை எங்கே வைத்தானோ, வேட்டியை இன்னும் தூக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். அதே வண்டிதான். ஹாண்டில்பாரில் காய்ந்த சந்தனம் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘ஏறும்மா’ என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை. இந்த வண்டியில் அவள் ஏறினதே கிடையாது. ஆட்டோவில் போவாள், பஸ்ஸில் பெண்கள் பக்கத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு போவாள். வண்டியில் ஏறினால் தலை சுற்றும் என்று எப்போதோ யாரோ சொன்னதை இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். செருப்பைப் பிள்ளையார் கோயில் முக்கிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெறுங்காலோடு ஏறி, ஒருபக்கமாக உட்கார்ந்து, அவன் தோளில் கையை வைத்தாள். நாலு விரல். பிளக்ஸில் இருந்த கை எங்கே இருந்ததோ அதே இடத்தில். தெரு தாண்டினான், பாலம் ஏறினான், புறவழிச்சாலையில் திருப்பினான். இரண்டு பக்கமும் ஆள் இல்லை, வெயிலும் வானமும்தான். அப்போது வந்தது. முதலில் நெற்றியில், பிறகு கண்ணில், கழுத்தில், சேலைக்குள்ளே, வாயைத் திறந்தால் வாய்க்குள்ளே. கொண்டை அவிழ்ந்து பூ ரோட்டில் போனது. பிடிக்கத் தோன்றவில்லை. இவ்வளவுதானா. இந்தக் காற்றுக்காகவா பிள்ளை இவ்வளவு தூரம் போனது? மாடிக் கதவைத் திறந்துவிட்டிருந்தால் இதில் பாதியாவது கிடைத்திருக்குமே. சாவி என் இடுப்பில்தானே இருந்தது. அழுகை வந்தது, வந்த வேகத்திலேயே கண்ணோரத்தில் காய்ந்து காதுப்பக்கம் போனது. முதுகு குலுங்கினதைக் கண்டு அம்மா பயப்படுகிறாள் என்று கோகுல் நினைத்திருக்க வேண்டும்.

‘மெதுவாப் போகட்டாம்மா?’ என்று கேட்டான்.

‘வேகமாப் போ’ என்றாள்.